நினைவு போகும், மானம் போகாது

வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில், 65 வயது கடந்தவர்களில் எத்தனை பேருக்கு மறதி நோய் இருக்கிறது என்று ஓர் ஆய்வு நடந்தது. இந்தியா, சீனா, கியூபா என்று ஏழு நாடுகளில் ஒரே முறையில் நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி அது. முடிவுகள் 2008-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. மனநல மருத்துவத்தில் அப்போது பரவலாகப் புழங்கிய அமெரிக்க அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்தியக் கிராமப்புறத்தில் நூற்றுக்கு 0.3 பேருக்குத்தான் டிமென்ஷியா. கியூபாவில் 6.3 பேர். ஆய்வுக் குழு தானே வகுத்த இன்னோர் அளவுகோலைக் கொண்டு பார்த்ததும் நம் கிராமத்துக் கணக்கு பல மடங்கு ஏறிவிட்டது. ஊரும் அதே ஊர்தான், பெரியவர்களும் அதே பெரியவர்கள்தான்.

காரணத்தை ஆய்வாளர்களே சொன்னார்கள். முதல் அளவுகோலின்படி, பெரியவரின் அறிவு தேய்ந்திருக்கிறது, அதனால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். வசதி குறைந்த ஊர்களில் வீட்டார் அப்படிச் சொல்வது குறைவாக இருந்தது. நம் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. கஞ்சி ஊற்றிக் கொடுக்க மருமகள் இருக்கிறாள். கைபிடித்துக் கூட்டிப்போகப் பேரன் இருக்கிறான். பெரியவர் தனியாகச் செய்தாக வேண்டிய வேலை எதுவும் இல்லாத வீட்டில், அவரால் எது முடியவில்லை என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. கேட்டால், "வயசாச்சு, கொஞ்சம் தடுமாறுறாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அன்று நோய் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்று தெரிகிறது, ஸ்கேனில் தெரிகிறது, மருந்துச் சீட்டில் தெரிகிறது. நோய் தெரியத் தொடங்கியபின் அந்த மனிதர் நமக்குத் தெரிகிறாரா என்பதுதான் என் கவலை.

பெயரில்லாத காலம்

சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. எண்பதைத் தொட்டவர்கள் தெருவுக்கு ஒருவரோ இருவரோ. அவர்களில் ஒருவருக்கு நினைவு தப்பினால் தெரு முழுக்கத் தெரியும். "நெனப்பு தப்பிடுச்சு" என்பார்கள், "புத்தி தடுமாறுது" என்பார்கள். வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டிய சங்கதியாக அதை யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

என் சிறுவயதில் எங்கள் தெருக்கோடியில் ஓர் அரிசி மில் இருந்தது. அங்கே ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர் ஒருவர் வேலையை விட்டு நின்ற பிறகு நினைவு தப்பிப்போனார். ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கஞ்சி போட்ட வேட்டி, கை மடித்த சட்டை, கக்கத்தில் குடை என்று மில்லுக்குக் கிளம்புவது மட்டும் தப்பவில்லை. முதலாளி அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பழைய மேசையைச் சுவரோரம் போட்டு, பாதி எழுதிய பழைய பேரேடு ஒன்றையும் கொடுத்துவிட்டார். கணக்குப்பிள்ளை வரிசை வரிசையாக எண்களை எழுதுவார். எந்த மூட்டைக்கும் எந்த வரவுக்கும் சம்பந்தமில்லாத எண்கள். சாயங்காலம் பேரேட்டை மூடி, "இன்னிக்குக் கணக்கு நேராயிடுச்சுங்க" என்பார். "சரிங்க கணக்குப்பிள்ளை, நாளைக்குப் பார்ப்போம்" என்பார் முதலாளி. மூட்டை தூக்குகிற ஒரு பையன் இதைப் பார்த்துச் சிரித்தபோது, கூட இருந்த பெரிய ஆள் அவனை அதட்டியதைக் கேட்டிருக்கிறேன்: "அவரு கையால சம்பளம் வாங்காதவன் இந்த மில்லுல எவன்டா?"

வீடு திரும்பும்போது சில நாள் தெரு மாறிவிடும். டீக்கடைக்காரரோ தையல்காரரோ பார்த்துவிடுவார்கள். "வீடு அந்தப் பக்கம்ங்க" என்று ஒருவரும் சொன்னதில்லை. "நானும் அந்தப் பக்கந்தான் போறேன், வாங்க, பேசிக்கிட்டே போலாம்" என்று கூட நடப்பார்கள். வழி தவறியது அவருக்கே தெரியாமல் வீட்டு வாசல் வந்துவிடும். இதற்கு யாரும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. வயதில் மூத்த ஒருவரைத் தெருவில் வைத்துத் தலைகுனிய விடக்கூடாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திண்ணையின் மறுபக்கம்

இந்தக் கதையை மட்டும் சொல்லி அந்தக் காலத்தை மெச்சினால் அது பொய்யாகிவிடும். கணக்குப்பிள்ளைக்கு எழுத்து இருந்தது, உத்தியோகம் இருந்தது, ஊர் மதிக்கிற சாதியில் பிறப்பும் ஆணாக இருக்கும் வாய்ப்பும் இருந்தன. வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்த ஒரு கூலிப் பெண்ணுக்கு நினைவு தப்பியபோது, யாரும் அவளை வரப்பில் உட்காரவைத்துக் கையில் நாற்றைக் கொடுக்கவில்லை. வேலை நின்ற நாளோடு கூலி நின்றது, கஞ்சியும் குறைந்தது. புருஷனை இழந்த பெண்ணுக்குத் தெளிவோடு இருக்கும்போதே வீட்டின் பின்கட்டுதான் இடம். நினைவு போனபின் கேட்கவா வேண்டும்?

திண்ணையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிற மறதி வேறு. இரவெல்லாம் கூச்சல் போடுகிற, சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று அலறுகிற, துணி நிற்காத மறதி வேறு. அப்படிப்பட்டவர்களுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், பைத்தியம் என்றார்கள். மாட்டுக்கொட்டகையில் தூணோடு கட்டிவைத்த வீடுகள் இருந்தன. மனம் கலங்கியவர்களுக்குச் சங்கிலிதான் வைத்தியம் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தென்மாவட்டங்கள் சிலவற்றில், படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி அனுப்பிவைக்கும் 'தலைக்கூத்தல்' என்ற பழக்கமும் இதே மண்ணில்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணக்குப்பிள்ளை தினமும் காலையில் கஞ்சி போட்ட வேட்டியோடு கிளம்பினார் என்றால், அந்த வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்ட ஒரு கை வீட்டுக்குள் இருந்தது. ராத்திரி நனைத்த பாயை விடியற்காலையில் அலசியதும் அதே கைதான். மாமனாரின் கௌரவத்துக்கு மருமகள் தன் தூக்கத்தையும் உடம்பையும் கொடுத்தாள். அவளுக்கு ஓய்வு வேண்டாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

நோய்க்கு ஒரு பெயர்

1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல விடுதிக்கு அகஸ்டே என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் அவரிடம் பெயரை எழுதச் சொன்னார். எழுதத் தொடங்கி முடிக்க முடியாமல் தவித்த அந்தப் பெண், தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார் என்று மருத்துவக் குறிப்பு கூறுகிறது. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து 1906-ல் அல்சைமர் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். 1910-ல் அவர் பெயரே நோயின் பெயரானது. ஆனாலும் முதுமையில் வரும் மறதி வயதின் இயல்பு, நடு வயதில் வந்தால்தான் நோய் என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பியது. 1970களில்தான் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. நம் தெரு மட்டும் அறியாமையில் இருந்ததாக நினைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் மாற்றம் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியது. 1978-ல் மருத்துவர் வி.எஸ்.நடராஜன் அங்கே முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்குப் பட்டமேற்படிப்பு வந்தது. அதற்கு முன்பே, 1992-ல், கேரளத்தில் அல்சைமர் நோயாளிகளின் குடும்பங்களுக்காக ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பு பிறந்திருந்தது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் மறதி நோயாளிகளுக்கென்று 'டெம்கேர்ஸ்' மையத்தை நடத்துகிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டது.

தேவையும் சிறியதில்லை. 2023-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி, 60 வயது கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். தமிழ்நாட்டில் 2021 மதிப்பீட்டின்படி நூற்றில் 13.6 பேர் அறுபதைக் கடந்தவர்கள். மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

பெயர் வந்ததால் மானம் காப்பாற்றப்பட்ட வீடுகள் உண்டு. "என் சங்கிலியை மருமக எடுத்துட்டா" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னால், அன்று அவள் பொல்லாத கிழவி. மூலையில் சிறுநீர் கழித்தால் அப்பா வேண்டுமென்றே செய்கிறார். இன்று மருத்துவர் படம் போட்டுக் காட்டி விளக்குகிறார்: வைத்த இடம் மறந்துபோவதால்தான் திருட்டுப்பழி வருகிறது, கழிவறைக் கதவு எது என்று தெரியாததால்தான் மூலை. பழி மனிதர்மீதிருந்து இறங்கி நோயின்மீது ஏறுகிறது. இது சின்ன விஷயமில்லை. திரையிலும் இந்த மாற்றம் தெரிந்தது. 2015-ல் வந்த 'ஓ காதல் கண்மணி'யில் லீலா சாம்சன் ஏற்ற பவானிக்கு அல்சைமர். படம் அவரைக் கேலிப்பொருளாக்காமல் பாட்டும் காதலும் உள்ள பெண்ணாகவே காட்டியது.

ஆனால் அதே பெயர் இன்னொன்றையும் செய்கிறது. சாப்பிடும்போது அம்மா, "குழம்புல உப்பு கூடிப்போச்சு" என்கிறார். "அம்மாவுக்கு நாக்கு சொல்றது தெரியல, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று தட்டில் மேலும் ஊற்றுகிறார்கள். உண்மையிலேயே உப்பு கூடியிருக்கலாம். மூட்டு வலிக்கிறது என்றாலும், வந்திருக்கிற ஆயா கிள்ளுகிறாள் என்றாலும், இனி எல்லாமே நோயின் பேச்சாகிவிடுகிறது. முன்பு பழி ஒட்டியது. இப்போது பேச்சே செல்லாமல் போகிறது. இரண்டாவது முதலாவதைவிடக் கொடியது என்று நான் நினைக்கிறேன். பழிக்காவது பதில் சொல்லலாம்.

நைட்டி, கிராப்பு, கிரில் கேட்

இன்றைய வீடு மாடியில் இருக்கிறது. பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் அமெரிக்காவில். கூட இருக்கிற மகளோ மகனோ வேலைக்குப் போகிறார்கள். ஏஜென்சி மூலம் ஆள் வருகிறது; சில மாதங்களில் ஆள் மாறுகிறது. கிரில் கேட்டுக்கு உள்பக்கமும் பூட்டு. லாரியும் பைக்கும் பறக்கிற தெருவில் அந்தப் பூட்டு உயிரைக் காக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பூட்டுக்கு உள்ளே நடக்கிற சிலவற்றைச் சொல்ல வேண்டும். முதலில் முடி போகும். பேன் வருகிறது, சிக்கு எடுக்க முடியவில்லை, தலைவாரினால் அடிக்க வருகிறார் என்று கிராப்பு வெட்டிவிடுவார்கள். அடுத்துப் புடவை போகும், நைட்டி வரும். அடுத்துத் தோடும் வளையலும் பத்திரமாக லாக்கருக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். எல்லாம் முடிந்தபின், அறுபது வருஷம் கொண்டை போட்டுப் பூ வைத்த ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்கிறார். அதையும் நோய்க் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அந்த உருவத்தை அவரால் அடையாளம் காண முடியாததில் நம் கத்தரிக்கோலுக்கும் பங்கு உண்டு.

வேறு வழி இல்லாமல் இல்லை. தோள்வரை குறைத்து இரட்டைப் பின்னல் போடலாம். கொசுவம் வைத்துத் தைத்த, பாவாடைபோல் மாட்டிக்கொள்ளும் புடவை கடையில் கிடைக்கிறது. ஒட்டிக்கொள்ளும் வேட்டி கிடைக்கிறது. அதைக் கட்டியவருக்கு அது வேட்டிதான். ரவிக்கைக்கு ஊக்குக்குப் பதில் ஒட்டுப்பட்டை தைக்கச் சொன்னால் எந்தத் தையல்காரரும் தைத்துக்கொடுப்பார்.

குளியலில்தான் பெரும்பாலான சண்டை. ஆற்றிலும் குளத்திலும் கிணற்றடியிலும் மாரளவு சேலையைக் கட்டிக்கொண்டே குளித்து வளர்ந்த தலைமுறை இது. கட்டியவர் கண்ணுக்கும் உடம்பை முழுதாகக் காட்டாதவர்கள் அதில் அநேகம். முன்பின் தெரியாத பெண்ணோ ஆணோ குளியலறையில் துணியை உருவினால் அவர் கத்தாமல் என்ன செய்வார்? "வயலண்ட் ஆயிடுறாங்க" என்று ஏஜென்சியில் புகார் போகிறது. தூக்க மாத்திரை கூடுகிறது. ஒரு பழைய சேலையை மாரளவு சுற்றிவிட்டு, அதன் மேலேயே வெந்நீர் ஊற்றி, சொம்பை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். கூச்சத்தை மதித்தால் பல வீடுகளில் சண்டை பாதியாகிவிடும்.

இன்னொரு புது வழக்கம் பரீட்சை. வருகிறவர்கள் எல்லோரும் வாத்தியாராகிவிடுகிறார்கள். "என்னைத் தெரியுதா? யாரு சொல்லுங்க? பேரு என்ன?" தெரியாமல் விழித்தால் அருகிலிருப்பவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். பேரன் அதை செல்போனில் படம் பிடிப்பான். குடும்ப வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழும்.

என் அத்தை இந்தப் பரீட்சையை எதிர்கொண்ட விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். யார் வந்து கேட்டாலும் முகம் மலர, "உன்னைத் தெரியாமலா? மொதல்ல உக்காரு. காப்பி சாப்பிடுறியா?" என்பார். பிறகு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பிள்ளைங்க நல்லா படிக்குதா?" எவருக்கும் பொருந்துகிற கேள்விகள். வந்தவர் பதில் சொல்லச் சொல்ல, அந்தப் பதிலிலிருந்தே ஆள் யார் என்று தேடிக்கொண்டிருப்பார். கண்களில் அந்தத் தேடல் தெரியும். பெயர் போய்விட்டது, உறவு போய்விட்டது, வருஷம் போய்விட்டது. ஆனால் வந்தவர் முன்னால் தான் ஒரு வீட்டுக்காரி என்பது போகவில்லை. தெரியாததைத் தெரியாததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற ரோஷமும் போகவில்லை. நோய் முற்றிய காலத்திலும் அவர் தன் மானத்தைத் தானே காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம், "அத்தே, நான் உங்க தம்பி மகன் வந்திருக்கேன்" என்று உள்ளே நுழையும்போதே சொல்வதுதான். சொல்லத் தொடங்கியபின் அந்தத் தேடல் குறைந்தது.

கைநாட்டு

வீட்டுக்கு வெளியே நடப்பதற்கு ஒரு சான்று. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரை அவர் மகன் வங்கிக்குக் கூட்டிப்போனார். கூட நானும் போயிருந்தேன். கையெழுத்து பழைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. விதிப்படி கைரேகை வாங்கலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். விதி சரியானதுதான்; கையெழுத்து வராதவரின் பணம் முடங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்தது அது. ஆனால் அதிகாரி எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்து, "அவர் கட்டைவிரலைப் பிடிச்சு இதுல அழுத்துங்க" என்று மைப்பெட்டியைத் தள்ளினார்.

ஆயிரக்கணக்கான மாற்றுச் சான்றிதழ்களில் கையெழுத்திட்ட மனிதர். ஊரில் கைநாட்டு வைத்த பெற்றோரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர். அவர் மைப்பெட்டியைப் பார்த்தார், விரல்களை மடக்கிக்கொண்டார். மகன் கெஞ்சினார். பின்னால் வரிசை முனகியது. பக்கத்து இருக்கையிலிருந்த பெண் ஊழியர் எழுந்து வந்து, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் முன் வைத்தார். "சார், மொதல்ல உங்க கையெழுத்து வேணும் சார். எப்படி வந்தாலும் போடுங்க." நடுங்கி நடுங்கி ஒரு கையெழுத்து வந்தது. "இது எங்க ஃபைலுக்கு சார். கம்ப்யூட்டருக்கு விரலும் கேக்குது, எல்லாருக்கும் கேக்குது" என்றார். விரல் தானாக விரிந்தது. வேலை முடியச் சில நிமிஷம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான்.

மறந்த பிறகும் வலிக்கும்

"சொன்னா என்ன, அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாரு" என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். அது தவறு. 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான திரைக்காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக்காட்டினார்கள். சிறிது நேரத்தில் பார்த்தது அவர்களுக்கு ஏறக்குறைய மறந்துபோனது. சோகமும் மகிழ்ச்சியும் போகவில்லை. ஏன் மனம் கனத்திருக்கிறது என்பது தெரியாமலே கனத்துக்கொண்டிருந்தது. காலையில் திட்டியதை மதியம் மறந்திருப்பார். மதியம் சோறு வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்புவதற்குக் காரணம் காலையில் இருக்கலாம். மதிப்பாக ஒரு வார்த்தை சொன்னாலும் அது அப்படியே தங்கும்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பணியாற்றிய டாம் கிட்வுட் முதியோர் இல்லங்களில் உட்கார்ந்து, நோயாளிகளைச் சுற்றியிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். ஏமாற்றுவது, அவசரப்படுத்துவது, குழந்தையாக்குவது, ஆள் இல்லாததுபோல் அவர் தலைக்கு மேல் பேசுவது, கேலி செய்வது என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டார். 1997-ல் வந்த தன் நூலில் அவர் சொன்னதன் சாரம் இது: செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அன்போடும் அவசரத்தோடும் செய்கிறார்கள், ஆனால் மூளையின் தேய்மானத்தோடு இந்த நடத்தையும் சேர்ந்துதான் மனிதரைக் கீழே இறக்குகிறது. உலகம் முழுக்க டிமென்ஷியா பராமரிப்பை மாற்றிய கருத்து இது. கணக்குப்பிள்ளைக்குப் பேரேடு கொடுத்த முதலாளி கிட்வுட்டைப் படித்தவர் இல்லை. படிக்காமலே அந்தப் பட்டியலில் ஒன்றையும் அவர் செய்யவில்லை.

கைக்கு ஒரு நினைவு உண்டு. நேற்று நடந்ததைச் சேமிக்கும் மூளைப்பகுதியும், பழகிய வேலையை வைத்திருக்கும் பகுதியும் வேறு வேறு. அல்சைமர் முதலில் தாக்குவது முன்னதை. அதனால்தான் மகளின் பெயர் வராத தாய்க்குப் பூக்கட்ட வருகிறது, கீரை ஆய வருகிறது, புள்ளி வைத்துக் கோலம் போட வருகிறது. இதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, "நீங்க பேசாம உக்காருங்க" என்று டிவி முன்னால் உட்காரவைப்பதுதான் இன்று நாம் அறியாமல் செய்யும் மிகப் பெரிய அவமரியாதை.

தெருவும் சட்டமும்

அன்றைய தெரு தானாகச் செய்ததை ஜப்பான் 2005 முதல் திட்டம் போட்டுச் செய்கிறது. வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர், மறதி நோயாளியிடம் எப்படிப் பேசுவது, வழி தவறியவரை எப்படிப் பதறவிடாமல் அணுகுவது என்று குறுகிய வகுப்பு ஒன்றில் கற்றிருக்கிறார்கள். நம்மிடம் டீக்கடை இன்னும் இருக்கிறது, ஆட்டோ நிறுத்தம் இருக்கிறது, அபார்ட்மெண்ட் காவலாளி இருக்கிறார். மேல்மாடிப் பெரியவருக்கு என்ன நோய் என்று அவர்களிடம் சொல்ல நாம்தான் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தால் பெரியவரைக் காக்க வேண்டிய தெருவை நாமே விலக்கி வைக்கிறோம்.

சட்டம் அன்று இல்லாத துணை. 2017-ல் இயற்றி 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறை, நினைவைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் சேர்த்தே சொல்கிறது. கண்ணியத்தோடு வாழும் உரிமையை 20-ஆம் பிரிவு தருகிறது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு தடுக்கிறது. வயது வந்த எவரும், பின்னாளில் தன் மனம் தெளிவிழந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம், தன் சார்பில் பேசுவது யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது.

சட்டம் வீட்டுக் குளியலறைக்குள் வராது. அங்கே வர வேண்டியது பயிற்சியும் ஓய்வும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். அதே கதவைத் தட்டும்போது மறதியைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கலாம், பார்த்துக்கொள்பவருக்கு அரைமணி நேரம் கற்றுக்கொடுக்கலாம். வட்டத்துக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் இருந்தால், அன்றைய மருமகளுக்குக் கிடைக்காத ஓய்வு இன்றைய மகளுக்காவது கிடைக்கும். ஏஜென்சி அனுப்புகிற பெண்களுக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் வேண்டும். தன் மானம் மதிக்கப்படாத ஒருவரிடம் இன்னொருவர் மானத்தைக் காக்கச் சொல்வது நியாயமில்லை.

அன்றைக்கு நம் தெருக்களில் சிலருக்கு மட்டும் கிடைத்த மரியாதையை, இன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் அறிவைக் கொண்டு எல்லோருக்கும் கொடுக்க முடியும். பணம் தேவைப்படுகிற வேலைகளுக்கு அரசைக் கேட்போம். பணம் தேவைப்படாத வேலையை இந்த வாரமே தொடங்கலாம். தெளிவாக இருக்கும் அப்பாவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தப் பெயரில் கூப்பிட்டால் பிடிக்கும், எந்தத் துணி கட்ட வேண்டும், முடியை வெட்டலாமா, யார் குளிப்பாட்டினால் கூச்சமில்லை, எந்தக் கோயிலுக்கு, எந்தப் பாட்டு, கையில் எவ்வளவு காசு இருந்தால் நிம்மதி. சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். பிறகு அதே தாளில் உங்கள் பதிலையும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நமக்கு நினைவு தப்புகிற நாளில் நமக்காகப் பேச அந்தத் தாள்தான் இருக்கும்.